மூளையை ஆராய விரும்பும் மகளை எங்கே சேர்ப்பது?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் பங்கு இல்லத்தின் திண்ணை நிறைந்துவிடுகிறது. நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கச் சிலர் வருகின்றனர். கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் வேண்டிச் சிலர் வருகின்றனர். மகனுடைய மதிப்பெண் பட்டியலை நம் கையில் கொடுத்துவிட்டு, பேச்சின்றி நம் முகத்தையே நோக்கி நிற்பவரும் உண்டு. முன்னாளில் இவர்கள் கேட்டவை பெரும்பாலும் மூன்றே வினாக்கள்: மருத்துவமா, பொறியியலா, ஆசிரியப் பயிற்சியா? அண்மைக் காலத்தில் புதியதொரு வினா எழுந்துள்ளது.

"சாமி, பிள்ளை மூளையைப் பத்திப் படிக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. நியூரோசயின்ஸாம். அது டாக்டர் படிப்பா? எந்தக் காலேஜில சேர்க்கலாம்?"

இவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆன அவ்வுறுப்பு, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. படைத்தவரின் கைவண்ணம் இத்துணை நுட்பமாக வெளிப்படும் இடம் வேறொன்று உண்டோ என வியக்கிறோம். மேலும், வலிப்பால் துன்புறும் குழந்தையும், பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தையும், பெற்ற மக்களின் பெயரையே மறந்துவிட்ட பாட்டியும் இல்லாத பங்கு எது? நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் எந்தக் குருவும் இவ்வில்லங்களை அறிவார். அவ்வில்லம் ஒன்றில் வளர்ந்த மகள், "இது ஏன் நேர்கிறது?" என்று கேட்டு, விடைகாணப் படிக்க விரும்பினால், அவ்விருப்பத்தில் இறைவனின் அழைப்பு ஒலிக்கக்கூடும்.

ஆகவே, இப்படிப்புக்கு உரிய கல்லூரியைத் தெரிவு செய்யும் முறை பற்றிப் பெற்றோருக்குச் சில சொல்ல விழைகிறோம். நாம் சொல்லப்போவதன் சாரம் இதுவே: பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கல்லூரியைத் தெரிவு செய்ய வேண்டா. அங்கே கற்பிப்பவர் யார், இளங்கலை மாணவரின் கைக்கு எத்தகைய வேலை தரப்படுகிறது, அதன் செலவு குடும்பம் தாங்கக்கூடியதா ஆகிய மூன்றையும் பார்த்துத் தெரிவு செய்க.

நரம்பியல் வேறு, நரம்பறிவியல் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நரம்பு நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவர். அவராக வேண்டுமாயின் நீட் தேர்வு எழுதி, பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். பயின்று, அதன்மேல் மூன்றாண்டு எம்.டி.யும், மேலும் மூன்றாண்டு டி.எம்.மும் முடித்தல் வேண்டும். நரம்பறிவியலோ ஆராய்ச்சித் துறை. நரம்பணு எவ்வாறு செய்தி அனுப்புகிறது, நினைவு எங்கே எவ்வாறு பதிகிறது, கருவிலுள்ள குழந்தையின் மூளை எவ்வாறு உருவாகிறது என்பனவற்றை ஆராய்வது அது. இதில் இளங்கலைப் பட்டம் பெற்றவர் நோயாளிக்கு மருந்துச்சீட்டு எழுத இயலாது. மூளையின் மின்னோட்டத்தைக் கருவியில் பதிவு செய்யும் தொழில்நுட்பப் பட்டங்களும் உண்டு. அவை மருத்துவமனைப் பணிக்கு உரியவை. நல்ல பிழைப்பும் சிறந்த தொண்டுமாம். எனினும் அவையும் இதுவும் ஒன்றல்ல.

"வெள்ளைக் கோட்டு அணிந்து நோயாளியைத் தொட்டுக் குணமாக்க வேண்டும்" என்பதே பிள்ளையின் உள்ளக்கிடக்கையானால், அவள் மருத்துவத்துக்கோ செவிலியத்துக்கோ செல்லட்டும். "விடை தெரியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்" என்பதாயின், நரம்பறிவியல் அவளுக்கு உரியது. இதைப் பிள்ளையிடம் நேரில் கேட்டுத் தெளிந்த பின்னரே கல்லூரிப் பெயர்களை ஆராயத் தொடங்க வேண்டும். நீட் தேர்வில் இடம் கிட்டாத காரணத்தால் மருத்துவத்துக்கு மாற்றாக இதனைத் தேடுவோர் பின்னர் ஏமாற்றம் அடைவர்.

விசுவாசத்துக்கு ஊறு விளையுமா?

"மூளையே எல்லாம் என்று படித்தால் ஆன்மாவை மறந்துவிட மாட்டாளா?" என்று அஞ்சும் தாய்மார் உளர். அவர்களுக்கு ஒரு முத்திப்பேறு பெற்றவரை நினைவூட்டுகிறோம். டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் உடற்கூற்று அறிஞர், 1665-இல் பாரிஸ் நகரில் மூளையைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று அறிஞர் அவையில் ஒப்புக்கொண்டே அவர் உரையைத் தொடங்கினார். கற்பனையாக விளக்கம் கூறுவதை விடுத்து, கையால் அறுத்துக் கண்ணால் கண்டதையே உரைக்க வேண்டும் என வற்புறுத்தினார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார்.

நம் காலத்திலும் சான்று உண்டு. மூளையும் நனவும் என்னும் பொருள் பற்றி 1964-இல் வத்திக்கானிலேயே பாப்பிறை அறிவியல் கழகம் ஓர் ஆய்வு வாரம் நடத்தியது. அதற்கு முந்திய ஆண்டு நொபெல் பரிசு பெற்ற சர் ஜான் எக்கிள்ஸ் அதனை முன்னின்று நடத்தினார். திருச்சபை அஞ்சாத ஒன்றுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? மறைக்கல்வி பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல், பிள்ளையின் அறிவு வளரும் அளவுக்கு அவளுடைய விசுவாச அறிவும் வளர வேண்டும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பட்டத்தின் பெயர் பெரிதா?

நம் நாட்டில் "நரம்பறிவியல்" என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தரும் கல்லூரிகள் அரிது. இது கேட்டுப் பல பெற்றோர் மனம் சோர்ந்து, உடனே வெளிநாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். சோர்வு வேண்டா. இத்துறையின் பெருந்தலைவர்கள் பலர் இப்பெயருடைய பட்டத்தைப் பெற்றவரல்லர். நரம்பணுவைச் சாயம் ஏற்றிக் காட்டிய கோல்ஜியும், அதனை வரைந்து விளக்கிய ரமோன் இ காஹாலும் (இருவரும் 1906-இல் நொபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்) மருத்துவம் பயின்றவர்களே. உறுப்பிழந்தோர் இல்லாத கையில் உணரும் வலிக்குக் கண்ணாடி ஒன்றினால் தணிவு காட்டிய வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்.

இத்தாலி நாட்டுத் தூரின் பல்கலைக்கழகத்தின் வரலாறு இங்கே கருதத்தக்கது. அங்கே ஜூசெப்பே லேவி என்னும் உடற்கூற்றுப் பேராசிரியரிடம் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூவர் பயின்றனர்: சால்வதோர் லூரியா, ரெனாதோ துல்பெக்கோ, ரீத்தா லேவி மொந்தால்சீனி. லூரியா 1969-இலும், துல்பெக்கோ 1975-இலும், ரீத்தா 1986-இலும் நொபெல் பரிசு பெற்றனர். ஓர் ஆசிரியர், மூன்று நொபெல் மாணவர்! அவர்களுள் யூதப் பெண்மணியான ரீத்தா, 1938-இன் இனவெறிச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழிமுட்டைக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் பாப்பிறை அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனவரும் இவரே. நல்லாசிரியர் ஒருவரின் பயிற்சி உள்ளே ஊன்றிவிட்டால், கட்டடம் பறிபோன பின்னும் அது பலன் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இளங்கலைப் பருவம் அடித்தளம் இடும் பருவம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், உளவியல், கணிப்பொறி ஆகியவற்றுள் எவை எத்துணை ஆழமாகக் கற்பிக்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். இன்றைய மூளை ஆய்வில் கணக்கும் கணிப்பொறியும் நுண்ணோக்கிக்கு நிகரான கருவிகள். பதினொன்றாம் வகுப்பில் "கணக்கு வேண்டாம்" என்று தூய அறிவியல் பிரிவை எடுக்கும் பிள்ளைகளும், எடுக்கவிடும் பெற்றோரும் இதனை முன்கூட்டியே சிந்தித்தல் நலம்.

நம் நாட்டில் உள்ள வாயில்கள்

முதல் வாயில், "ஐசர்" எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள். 2006 முதல் 2016 வரை புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு ஊர்களில் நடுவண் அரசு இவற்றை நிறுவியது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பில் முதலாண்டுகளில் பொதுவாக எல்லா அடிப்படை அறிவியல்களும் கற்பிக்கப்படுகின்றன, பின்னரே தனித்துறை, இறுதியாண்டில் முழு ஆராய்ச்சி. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு இரவுப் பயணத் தொலைவே. இவற்றில் சேர "ஐ.ஏ.டி." என்னும் நுழைவுத்தேர்வு உண்டு. மூன்று மணி நேரத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 வினாக்களாக 60 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். நீட் ஒன்றையே நினைத்திருக்கும் நம் பிள்ளைகளுள் பலர் இத்தேர்வின் பெயரையே கேட்டதில்லை. விண்ணப்ப நாள் முடிந்த பின் வந்து கேட்பவர்களைக் காணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

இரண்டாம் வாயில், 1909-இல் நிறுவப்பட்ட பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம். அங்கே 2011 முதல் நான்காண்டு ஆராய்ச்சி இளங்கலைப் படிப்பு நடைபெறுகிறது. முதல் மூன்று பருவங்கள் எல்லோருக்கும் பொது. பின்னர் உயிரியலைத் தெரிவு செய்யலாம். நரம்பறிவியலுக்கென்றே தனி மையம் அதே வளாகத்தில் இருப்பது பெரும் பேறு.

மூன்றாவது, சென்னை ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் இணைத்து நான்காண்டுப் பட்டப்படிப்பை 2023-இல் அது தொடங்கியது, அதற்கும் ஐ.ஏ.டி. தேர்வே வாயில். அங்குள்ள மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 நுண்சீவல்களின் வழியே படம் பிடித்து 2024-இல் உலகுக்கு வெளியிட்டது. உலகத்தரம் கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நான்காவதாக நாம் கூறுவது, அருகிலுள்ள நம் கல்லூரிகளை. திருச்சி தூய வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார், சென்னை இலயோலா, ஸ்டெல்லா மேரிஸ் போன்றவற்றில் விலங்கியல், இயற்பியல், வேதியியல் முதலான துறைகளுள் ஒன்றில் இளங்கலை பயின்று, முதுகலையில் மூளை ஆய்வுக்குத் திரும்புவது தாழ்ந்த வழியன்று. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவரே. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவரே. அம்மையமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் பட்டம் பெற்ற பின் மேற்படிப்புக்கும் ஆய்வுக்கும் செல்லத்தக்க இடங்கள்.

இவ்வழி செல்வோர்க்கு ஒன்று இன்றியமையாதது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து, கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரு மாதம் பெரிய ஆய்வுக்கூடங்களில் பணிபுரியக் கல்லூரி மாணவருக்கு உதவித்தொகை தருகின்றன. கடலோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த மீனவர் மகள் ஒருத்தி, கன்னியர் நடத்தும் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். அவளுடைய பேராசிரியை ஒருவர் வற்புறுத்தி அவ்விண்ணப்பத்தை எழுதவைத்தார். அவ்விரு மாதங்களில் தேனீக்களைக் கையாளக் கற்றாள். இன்று அவள் ஆய்வு மாணவி. பெரும் பெயருடைய கல்லூரி அவளுக்கு வாய்க்கவில்லை. அக்கறையுள்ள ஓர் ஆசிரியை வாய்த்தார்.

கடல் கடந்து செல்வோர்க்கு

அமெரிக்காவில் இளங்கலை நான்காண்டு. முதல் இரண்டாண்டுகளில் பல பாடங்களையும் பயின்ற பின் முதன்மைப் பாடத்தை அறிவிப்பதே பெரும்பாலும் வழக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆமர்ஸ்ட் கல்லூரி 1973-இலேயே இளங்கலை நிலையில் நரம்பறிவியலைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் மாணவரே பயிலும் இத்தகைய சிறு கல்லூரிகளில் பேராசிரியரே ஆய்வுக்கூடத்தில் உடன் நின்று கற்பிப்பர். பெரும் பல்கலைக்கழகங்களில் கருவிகள் மிகுதி. ஆயினும் முதலாண்டு மாணவர் நூற்றுக்கணக்கானோருடன் அமர்ந்து கேட்க நேரும். இங்கிலாந்தில் இளங்கலை மூன்றாண்டு. முதல் நாளிலிருந்தே தெரிவு செய்த துறைதான். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் எடின்பரோவிலும் இப்பெயரில் பட்டம் உண்டு. எடின்பரோ ஸ்காட்லாந்தில் உள்ளதால் அங்கே நான்காண்டு. தன் மனம் இன்னும் உறுதிப்படாத பிள்ளைக்கு அமெரிக்க முறையும், உறுதிப்பட்ட பிள்ளைக்கு ஆங்கில முறையும் பொருந்தும்.

இனிச் செலவு. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்வி, உணவு, உறைவிடம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். நான்காண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். எனினும் சில இடங்களில், வெளிநாட்டு மாணவராயினும், பணம் கட்ட இயலுமா என்று பாராமல் தகுதி கண்டு சேர்த்து, குடும்பத்தின் வருமானத்துக்கு மேற்பட்ட தேவையை நிறுவனமே ஈடு செய்கிறது. ஆமர்ஸ்ட் அவற்றுள் ஒன்று. திருச்சிலுவைச் சபைக் குருக்கள் 1842-இல் நிறுவிய நாத்ருதாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இம்முறையை வெளிநாட்டு மாணவருக்கும் விரிவாக்குவதாக 2024-இல் அறிவித்தது. அங்கே நரம்பறிவியலும் நடத்தையும் என்னும் இளங்கலைப் பாடம் உண்டு. இவ்விடங்களில் சேர்க்கப்படுவோர் மிகச் சிலரே; முயல்வோர் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஆயத்தமாதல் வேண்டும்.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் கற்பித்ததை மறவற்க. நாம் அறிந்த ஒரு குடும்பம், முகவர் ஒருவரின் சொல்லை நம்பி, பாட்டன் கட்டிய வீட்டை அடகு வைத்து மகனை அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பிற்று. அச்சிட்ட தாளில் "நரம்பறிவியல்" என்ற பெயர் இருந்தது. இளங்கலை மாணவர் நுழைய ஓர் ஆய்வுக்கூடம் அங்கே இல்லை. மகன் இரவெல்லாம் கடையில் வேலை பார்த்துப் பகலில் வகுப்பில் உறங்கினான். இரண்டாம் ஆண்டிலேயே திரும்பினான். வட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டை இழந்த துயரைவிட, தந்தையும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசும் துயரே பெரிது. சேர்க்கைக்காகப் பல்கலைக்கழகத்திடமிருந்து பங்குத்தொகை பெறும் முகவரிடம் நடுநிலையான அறிவுரை எதிர்பார்த்தல் வீண்.

எந்தக் கல்லூரியிலும் கேட்க வேண்டியவை

உள்நாடாயினும் வெளிநாடாயினும், பணம் கட்டுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள்.

1. முதலாண்டு வகுப்பைப் பேராசிரியர் நடத்துகிறாரா? அவர் தாமும் ஆராய்ச்சி செய்பவரா?

2. இளங்கலை மாணவர் எந்த ஆண்டிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரியலாம்? சென்ற ஆண்டு எத்தனை பேர் அவ்வாறு செய்தனர்?

3. உயிரியல் மாணவர் கணிதமும் புள்ளியியலும் கணிப்பொறியும் கற்க இடமுண்டா?

4. இரண்டாம் ஆண்டில் பிள்ளையின் மனம் வேறு துறைக்குத் திரும்பினால் மாற வழியுண்டா?

5. மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? அவர்களுள் இருவரிடமேனும் நேரில் பேச இயலுமா?

6. கட்டணம், விடுதி, பயணம், காப்பீடு அனைத்தும் சேர்ந்து முழுப் படிப்புக்கும் எவ்வளவு? உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, இறுதிவரையா?

7. ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல வழியுண்டா? மனம் சோர்ந்தால் ஆறுதல் சொல்ல ஆள் உண்டா?

ஏழாவதைக் கடைசியில் வைத்தோம். இறங்கியதென்று கருதி அன்று. வீட்டை விட்டுப் பிரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்பின் சுமை ஒருபுறம், தனிமை மறுபுறம். மூளையைப் பற்றிப் படிப்பவரின் மனமும் சோர்வடையும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்துறையில் பலன் விரைவில் வராது. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்தாண்டுக்கு மேலும் ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சம்பளத்தில் வீடு கட்டும்போது, உங்கள் மகள் உதவித்தொகையில் எலியையும் தேனீயையும் பார்த்துக்கொண்டிருப்பாள். திருமணப் பேச்சு எழும். உறவினர் கேலி பேசுவர். அப்போது அவளுக்குத் துணை நிற்க உங்களால் இயலுமா என்பதைக் கணவனும் மனைவியும் கூடிச் செபித்து இப்போதே முடிவு செய்யுங்கள். இயலாதெனில் அதையும் மறைக்காமல் பிள்ளையிடம் கூறுங்கள். உண்மையைக் கேட்ட பிள்ளை குடும்பத்துக்கு ஏற்ற வழியைத் தானே தேடும். பொய்யான நம்பிக்கையில் அடகு வைத்த வீடு யாருக்கும் உதவாது.

மகளை மட்டும் "அருகில் படித்தால் போதும்" என்று நிறுத்திவிட்டு, மகனுக்காகக் கடன் வாங்கும் வழக்கமும் நம் இல்லங்களில் ஒழிய வேண்டும். தாலந்தை அளித்தவர் ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்து அளிக்கவில்லை. கணக்குக் கேட்கும் நாளிலும் அவ்வாறு பார்க்கமாட்டார்.

இவ்வாண்டு பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் சற்று நேரம் அமர்ந்து பேசட்டும். பிள்ளை முதலில் பேசட்டும். பெற்றோர் பின்னர் பேசுக. ஐயம் எஞ்சினால், பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடமும் பங்கில் படித்து முன்னேறிய இளைஞரிடமும் கேளுங்கள். பங்கு இல்லத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. ஞானத்தின் இருப்பிடமாகிய அன்னை மரி நம் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுவாராக.